சிறிய ஹவுசிங் போதும் என்றேன்

ஷார்ஜா, 12.3.2009

அன்புள்ள ஜெயராணி,

ஆண்டவர் புண்ணியத்தில் நலம். உன் முதுகுவலி தேவலையா?

நேற்று எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்த ஒருவர், தினமும் ஆபீஸ் போகும் காரின் டர்போவுக்குப் பெரிய எக்ஸாஸ்ட் ஹவுசிங், அதுதான் எஞ்சின் புகை சுழன்று போகும் இரும்புக் கூடு, கேட்டார். அது ரேஸுக்குச் சரி. தெருவில் மிதித்ததும் வண்டி கிளம்பாது. சின்னதே போதும் என்றேன்.

"கேக்கறத மாட்டுப்பா, வேல போயிடப் போவுது" என்றார் பண்ருட்டிக்கார ஃபோர்மேன் பொன்னுரங்கம்.

"அவருக்குப் புடிக்கலன்னா நானே மாத்தித் தர்றேன்ண்ணே" என்று சின்னதை மாட்டினேன். ஓட்டிப் பார்த்த கார்க்காரர் சிரித்தபடி கைகுலுக்கினார். மாட்டும்போது பட்டு, கையில் லேசான சூட்டுக்காயம்தான், பயப்படாதே.

அந்தக் கார் சட்டென்று கிளம்பியபோது ஆலப்பாக்கம் ரயில்வே கேட் நினைவுக்கு வந்தது. கேட் திறந்ததும் நம் பைக்கை முறுக்குவேன். "மெதுவா போங்க" என்று என் தோளை இறுக்கிப் பிடிப்பாய்.

நம் பாப்பா ஷைனிக்குச் செருப்பு வாங்க வேண்டும். அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. எந்த அளவென்று எனக்குத் தெரியவில்லை.

வேலைக்குக் கூட்டிப் போகும் வேன் வந்துவிட்டது.

உன்,
ஆரோக்கியராஜ்