நைனாவின் நேர்ச்சைச் சுவர்

என் நைனாவுக்கு,

உன் மூத்தவள் ஆசையோடும் நிறையப் பயத்தோடும் எழுதுகிறேன். நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. தங்கச்சி ஸ்டெல்லா இப்போது ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்புக்குப் போகிறாள். நம் கோவிலின் கடற்பக்கச் சுவரை ஒட்டித்தான் பிள்ளைகளுக்குப் பாய் விரிக்கிறார்கள். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஸ்டெல்லா நல்லபடியாகப் பிறந்ததற்கு, நேர்ந்துகொண்ட நேர்ச்சையாக நீயே சிமெண்ட் பூசிய சுவர் அது. உதிர்ந்துகொண்டிருந்த பழைய சுண்ணாம்பின்மேல் கல் மாதிரி பூசினாய். உன்னைப் போல ஒரு கொத்தனார் ராயபுரத்தில் இல்லை என்றார்கள்.

இப்போது அது வயிறு மாதிரி புடைத்திருக்கிறது. தட்டினால் உள்ளே வெற்றுச் சத்தம் கேட்கிறது. ஓரமெல்லாம் உப்பு பூத்திருக்கிறது.

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் படித்தேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்குமாம். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். உப்பு செங்கல்லை மாவாக்கும். புதிதாகப் பூசுவது பழையதைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. உனக்கு யாராவது இதைச் சொன்னார்களா நைனா? கெட்டியாக இருந்தால் நல்லது என்றுதானே எல்லோரும் நினைத்தோம்?

அதிலேயே ஒரு சண்டையும் இருந்தது. கட்டடத்தை முதலில் இருந்தபடிக்கே திருப்ப வேண்டும் என்று சிலர். பின்னால் வந்தவர்கள் சேர்த்ததும் வரலாறுதான், சுரண்டாதே என்று சிலர். இரண்டாவதை மூன்று தடவை படித்தேன். உன் பூச்சையும் வரலாறு என்று சொல்லிவிட ஆசை. ஆனால் அது ஸ்டெல்லாவின் தலையில் விழுந்தால்?

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு, திருவிழாவுக்காக அதன்மேலேயே இன்னொரு பூச்சுப் போடுவதாகப் பேசினார்கள். உன்னோடு வேலை செய்த அந்தோணி மாமா சுவரைத் தட்டினார்.

“நம்ம சூசை பூசுனது. இடி வுழுந்தாலும் அசையாது. மேல ஒரு கோட்டு வுட்டா போதும்.”

நான் முன்னால் போனேன். “அதான் மாமா சுவத்தக் கெடுக்குது. நைனா பூசுனத எடுக்கணும்.”

“இன்னாமே சொல்ற? பெத்த அப்பன் வேலையவே நொட்ட சொல்றியா? இதுக்குத்தான் புக்கு படிச்சியா?”

அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை.

“ஒரு எடத்துல ஒடச்சுப் பாத்துடலாமே,” என்றார் ஃபாதர். மாமாவே உளி வைத்தார். தட்டு அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. பின்னால் செங்கல் இல்லை, ஈரச் சிவப்பு மாவுதான். மாமா அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“புள்ளைங்கள அந்தாண்ட ஒக்கார வையிங்க,” என்றார்.

திங்கட்கிழமை சுரண்டத் தொடங்குகிறார்கள். சுவர் நிற்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அம்மா என்னிடம் ஒரு வார்த்தைதான் பேசினாள்: “நேர்ச்சடி அது.” உனக்கும் என்மேல் கோபமா நைனா?

சுரண்டும்போது நான் அங்கே நிற்பேன். யாராவது உன்னைக் குறை சொன்னால், ஸ்டெல்லாவுக்காக ஆசை ஆசையாகப் பூசினார், அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது என்று சத்தமாகச் சொல்வேன். எவ்வளவு பயமாக இருந்தாலும் சொல்வேன்.

உன் சுவரைப் பெயர்க்கச் சொன்ன,
உன் மூத்த மகள்