ஜன்னலோரத்து வாசகி

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். அம்மா கேட்டால்கூட நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் இருந்த அதே மாடி அறையில், போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால், அது அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். மாற்றலாகிப் போன அவசரத்தில் நீங்கள் விட்டுப்போன பச்சை அட்டை நோட்டை எரித்துவிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். எரித்துவிட்டேன் என்று பதில் போட்டேன். எரிக்கவில்லை. தீப்பெட்டியைக் கையில் எடுத்த பிறகுதான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். அப்புறம் மனசு வரவில்லை.

நூலகத்துக்கு வருகிறவர்களுக்கு நீங்கள் வைத்திருந்த பட்டப்பெயர்களைப் படித்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கதையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, "யாரும் சாகலையே?" என்று உறுதி செய்துகொண்டு எடுத்துப் போகும் தபால்காரர் 'முடிவுரை'. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர் 'ஈரவிரல்'. நான் 'அவசரக்குடுக்கை'. மூன்று நாள் உங்களோடு மனசுக்குள் டூ விட்டிருந்தேன். ஆனால் ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவர் தூக்கத்தில் உளறுவது மாதிரி, பக்கத்தில் இருக்கிற நம் காதில் விழத்தான் செய்யும், அதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நான்தான் கொண்டுபோய்விட்டேன், சித்தி.

நோட்டில் அதிகம் வருகிறவர் 'ஜன்னலோரம்'. உறுப்பினர் அட்டையே வேண்டாம் என்றவர். காய்கறிப் பையோடு வந்து, ஜன்னல் பக்கம் நின்றபடியே இருபது நிமிடம் படித்துவிட்டு, பையின் ஓரத்திலிருந்து ஒரு நீல நூலை உருவி, படித்த பக்கத்தில் அடையாளமாக வைத்துவிட்டுப் போகிறவர். முதலில் பயணக் கதைகள், பிறகு சட்டப் புத்தகம். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கை ரவிக்கை. நீங்கள் நாற்காலி போட்டதற்கு, "உட்கார்ந்தா நேரம் போறது தெரியாதுங்க" என்றாராம்.

அவர் யார் என்று சத்தியமாக அப்போது எனக்குத் தெரியாது. பள்ளியில் 'வாசிக்கும் பழக்கம்' என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். எனக்கு நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. உங்கள் நோட்டிலிருந்து அரைப் பக்கத்தை அப்படியே எடுத்து எழுதினேன். பெயர்தான் இல்லையே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். முதல் பரிசு கிடைத்தது. மேடையில் ஏறிப் படிக்கச் சொன்னார்கள். நீல நூல் வந்த இடத்தில், எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கணக்கு சார்.

இறங்கும்போது கூப்பிட்டார். "நீயே யோசிச்சு எழுதினதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அது என்ன நீல நூல்?" என்றார். சும்மா தோன்றியது என்றேன். சிரித்தார். நான் தொண்ணூற்றெட்டு வாங்கியபோதுகூடச் சிரிக்காதவர்.

அப்போதுதான் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. ஒரு வாசகரைப் பற்றி இன்னொருவர் வந்து கேட்டார், சொல்ல மறுத்தேன், புகார் போனது, மாற்றிவிட்டார்கள் என்று மட்டும்தான் எங்களிடம் சொன்னீர்கள். கேட்டவர் யார் என்று சொல்லவில்லை. நீங்கள் போன அடுத்த மாதம் கணக்கு சார் வீட்டுக்காரம்மாவைக் காணவில்லை. தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருக்கிறது. விளையாட்டு நேரம் முடிந்து வந்தால் என் பையின் ஜிப் திறந்திருக்கிறது. பக்கத்தில் உட்காருகிறவள்தான் கிளறினாள் என்று சண்டை போட்டு, இப்போது இருவரும் பேசுவதில்லை. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் நூலகர், நான் கேட்காமலே, "உங்க சித்தி நோட்டு ஏதாவது எழுதுவாங்களாமே?" என்றார். அவருக்கு யார் சொன்னது?

இன்று மாலை சார் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா தானே போய் நாற்காலி எடுத்துப் போட்டார். என் எழுத்தை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்துவிட்டு, "சித்தி நோட்டு ஒண்ணு இருக்குமே, அதையும் பார்த்தா பள்ளி மலர்ல போட்டுடலாம்" என்றார். நோட்டைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பா என்னைப் பார்த்து, "பழைய நோட்டுதானே, தேடி எடுத்து வை, காலையில கொடுத்துடலாம்" என்றார். சார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, சனிக்கிழமை உங்கள் ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அப்பா நேரத்தையும் சொல்லி, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதையும் சொன்னார். "பாவம், தனியா இருக்கற மனுஷன்" என்று அம்மாவிடம் வேறு பரிதாபப்பட்டார்.

சித்தி, நான் உங்களை ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஆனால் என் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய புத்தகத்தில், அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு நீல நூல் இருந்தது. நீங்கள் எப்போதும் பஸ் டிக்கெட்தானே வைப்பீர்கள்? டீயில் சர்க்கரையே போட்டுக்கொள்ளாத நீங்கள், சர்க்கரை ஒரே வாரத்தில் தீர்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கே புரிகிறதென்றால், கணக்குப் போட்டே பழகியவருக்குப் புரிய எவ்வளவு நேரமாகும்?

நோட்டின் கடைசிப் பக்கத்தையும் இன்றைக்குத்தான் படித்தேன். எந்த பஸ்ஸில் ஏறச் சொன்னீர்கள் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறீர்களே! 'ஜன்னலோரம்' வருகிற ஏழு தாள்களையும் பிளேடால் அறுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு மடித்து உறைக்குள் வைக்கிறேன். மீதியைக் காலையில் கொடுப்பேன். ஈரவிரலையும் முடிவுரையையும் என்னையும் படித்துச் சிரித்துக்கொள்ளட்டும். தாள் எங்கே என்று கேட்டால் எலி கடித்துவிட்டது என்று சொல்வேன். உறையில் முகவரியைத் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுதான் எழுதுவேன். இன்று செவ்வாய். வியாழன், தப்பினால் வெள்ளி, உங்கள் கையில் கிடைத்துவிடும்.

கிடைத்த அன்றே, சர்க்கரை போட்டுக் குடிக்கிறவரை வேறு எங்கேயாவது அனுப்பிவிடுங்கள். எங்கே என்று எனக்கு எழுதாதீர்கள், நோட்டிலும் எழுதாதீர்கள். ஒரு அவசரக்குடுக்கை மன்னிப்புக் கேட்டாள் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். அந்த நூலை நான் எடுக்கவில்லை, அறுபத்தொன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. என்றைக்காவது வந்து, உட்கார்ந்து, மீதியைப் படிக்கட்டும்.

படியில் சத்தம் கேட்கிறது. அப்பா செருப்போடு மாடிக்கு வரமாட்டார்.

இரண்டு பேர். கதவைத் தட்டுகிறார்கள். அப்பா குரல்தான். "தூங்கிட்டியாம்மா? சார் திரும்ப வந்திருக்கார். காலை வரைக்கும் பொறுக்க முடியாதாம், அந்த நோட்டை