நகராத கோடு

மார்ச் 4
காலையிலிருந்து நிறமாலைகள். நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தால் இரும்புக்கும் கால்சியத்துக்கும் தனித்தனிக் கோடுகள் தெரியும். அவை மெலிந்து கிடந்தால் ஆதிகால நட்சத்திரம், என் ஆள். மற்றதெல்லாம் குப்பை. இன்றைக்கு எல்லாமே குப்பை.

மாமியார் போனில்: "ஊரே தங்கம் எங்க இருக்குன்னு தேடுது. நீ என்னடான்னா ஒண்ணுமே இல்லாததைத் தேடுறியேம்மா!" சரியாகத்தான் சொல்கிறார்.

மார்ச் 9
ஜூனோடு வேலை முடிகிறது. ஒரு நட்சத்திரமாவது கையில் இருந்தால்தான் நீட்டிப்புக்குப் பேசுவாராம் குழுத்தலைவர். கணவர்: "ஜூன்ல மூட்டையைக் கட்டிட்டு வந்துரு. பாப்பாவை வச்சுக்கிட்டு என்னால ஒத்தையா முடியல." அவர் சொல்வதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

மார்ச் 15
மேகம். நேற்றும் மேகம்.

மார்ச் 21
பக்கத்து மேசை 'மீசை' (மழித்துப் பல வருடமாகிறது, பெயர் போகவில்லை) தள்ளிவிட்ட குவியலைக் கிளறினேன். ஒன்றில் இரும்பே தெரியவில்லை. கால்சியம் கோடு மட்டும் கொழுத்து நிற்கிறது. முதலில் கால்சியத்தைப் பார், கொழுத்திருந்தால் தூக்கிப் போடு — எங்கள் வழக்கம் அது. போட்டுவிட்டார்.

ஆனால் இந்த நட்சத்திரம் நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. அதனால் அதன் ஹைட்ரஜன் கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. கால்சியம் நகரவில்லை. அப்படியானால் அது இதனுடையதுதானா?

மார்ச் 22
"நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல இருக்கிற வாயுவோட கோடு அது," என்றேன். மீசை தலையில் அடித்துக்கொண்டார்: "அட, ஜன்னல் அழுக்கை மூஞ்சி மருன்னு நினைச்சுட்டேனே!"

தலைவர் அசையவில்லை. பெரிய தொலைநோக்கியில் எங்களுக்கு ஒரே இரவுதான். "நல்ல நட்சத்திரம் ரெண்டு ஏற்கெனவே காத்துக்கிட்டு நிக்குது. குப்பைக்கு எதுக்கும்மா நேரம்?"

கத்திவிட்டேன். "குப்பையா? அந்தக் கோடு நகரவே இல்லையே, கண்ணு தெரியலையா சார் உங்களுக்கு?" ஐயோ, யாரிடம் என்ன பேச்சு இது! தலைவர் அந்த இரவின் கடைசி ஒரு மணி நேரத்தைக் கொடுத்தார்.

ஏப்ரல் 18
தரவு வந்துவிட்டது. கால்சியத்தில் இரண்டு கோடுகள். கொழுத்தது வாயுவினுடையது. தள்ளி, ஹைட்ரஜன் நகர்ந்த அளவுக்கே நகர்ந்து, மயிரிழையாக இன்னொன்று. அதுதான் நட்சத்திரத்தினுடையது. இரும்பு, சூரியனில் இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. தெரியும்.

மே 2
நீட்டிப்பு மூன்று வருடம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மே 4
போனில் கணவரிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார் போல, குழாயை மூடுவது கேட்டது.

"அங்க பாப்பாவுக்கு ஸ்கூல் பக்கத்துலயா, இல்ல பஸ்ல போகணுமா?"