மலைக்கு அங்கிட்டு ஒரு சட்டம்

1938 ஜூலை 12, செவ்வாய். கம்பம்.

நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அண்ணனோடு பெரியகுளம் போய் வக்கீலைப் பார்த்தேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

என் புருஷன் குமுளி ஏலத்தோட்டத்தில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு நாலு வருஷமாகிறது. இப்போது கடுதாசி போட்டிருக்கிறார். மூவரும் ஒரே வீட்டில் இருக்கலாமாம். நான் போகாவிட்டால், சேர்ந்து வாழ வரச்சொல்லிக் கோர்ட்டில் கேஸ் போடுவாராம்.

"இந்தக் கல்யாணத்தைத் தீர்க்க முடியாதா?" என்று வக்கீலிடம் கேட்டேன்.

"இந்துக்களுக்கு இங்கன அப்படிச் சட்டமே இல்லம்மா. உங்க சாதியில தீர்க்கிற வழக்கமும் இல்ல. அவரு ரெண்டு கட்டினது குத்தமும் இல்ல."

"எங்க ஊரு நர்ஸம்மா மலைக்கு அங்கிட்டுத் தீர்த்துக்கிட்டு வந்திருக்காகளே?"

"அது திருவிதாங்கூர்ச் சட்டம். அவுக நாயர். உனக்குச் செல்லாது."

"சீமையில?"

"புருஷன் மூணு வருஷம் விட்டுட்டுப் போனாலே இங்கிலாந்துல தீர்த்துக்கலாம். அந்தச் சட்டம் இந்த வருஷந்தான் வந்துச்சு."

"அந்த ராசாதானே நமக்கும் ராசா?"

வக்கீல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன், "பேசாமப் போயிரு ஆத்தா, ஊரு வாயாவது அடங்கும்" என்றார். "கோர்ட்டே சொன்னாலும் போகமாட்டேன்" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் புருஷனுக்குப் பதில் எழுதினேன். 'வரமாட்டேன். கேஸ் போடுங்கள்.' அவ்வளவுதான். அண்ணன் வாங்கிப் படித்தார். கிழித்துப் போடுவார் என்றுதான் நினைத்தேன். உறையில் போட்டு ஒட்டி, தன் கையாலேயே விலாசம் எழுதினார்.