மந்திரித்த மெழுகுதிரி

14-10-1958, செவ்வாய்

சாயங்காலம் பிடித்த மழையில் மின்சாரம் நின்றுவிட்டது. இருட்டில் அவர் இருமத் தொடங்கினார். ஆறு வருடமாகக் கேட்கிற இருமல்தான். ஆனாலும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெட்டியைத் துழாவி, அகப்பட்ட மெழுகுதிரியை ஏற்றி அவர் தலைமாட்டில் வைத்தேன்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏம் புள்ள, நேரம் வந்துருச்சா?" என்று கேட்டார்.

அப்போதுதான் அதில் கட்டியிருந்த நீல நாடா என் கண்ணில் பட்டது. பிப்ரவரியில் மாதா திருநாளன்று கோயிலில் சாமியாரிடம் மந்திரித்து வாங்கி வந்த மெழுகுதிரி. சாகிறவர் கையில் பிடிக்கக் கொடுப்பதற்கென்றே வைத்திருப்பது. மாமியாரின் கடைசி நேரத்தில் இப்படி ஒன்றைக் கையில் நான்தான் பிடித்து வைத்தேன்.

"ஐயோ, இல்லீங்க! தெரியாமப் பத்த வெச்சுட்டனுங்க" என்று ஊதி அணைத்தேன்.

இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தார். "அழுவாத. எனக்கொண்ணும் பயமில்ல."

அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பஸ் வந்துவிட்டதா என்று கேட்பது போலத்தான் கேட்டார். அப்படியானால் இத்தனை வருடமும் இந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதானா?

அவர் தூங்குகிறார். மின்சாரம் இன்னும் வரவில்லை. அதே மெழுகுதிரியை மறுபடி ஏற்றி வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முழுக்க எரிந்து தீரட்டும். புதிதாக மந்திரித்து வாங்க இனிப் பிப்ரவரி வரவேண்டும். அதுவரை அவர் கையில் கொடுக்க இந்த வீட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது.

இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி.