பேர் எழுதின பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கம்ப்யூட்டர் அணைந்தது. காலை பதினொன்றே காலுக்கு, திரையில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது. எச்சரிக்கை கிடையாது, சத்தம் கிடையாது. திரை கறுத்தது, அவ்வளவுதான். முக்கால் மணி நேர வேலை போயிற்று.

டாக்டரம்மா அனுப்பும் வாய் ஸ்கேனைத் திரையில் வைத்து, பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பை வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. பதினாறு வருடம் ஒரு பல் லேபில் இன்னொருவருக்குக் கீழே செய்ததை இப்போது வீட்டு முன்னறையில் எனக்காகச் செய்கிறேன். இந்த மாதம் சொன்ன நாளில் சொன்னபடி கொடுத்தால் கிளினிக் வேலை மொத்தமும் எனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். இந்த மூன்று நாளில் மட்டும் நான்கு தடவை அணைந்திருக்கிறது.

தம்பியிடம் சொல்லவில்லை.

மார்ச் 4, புதன்

உள்ளே எவ்வளவு சூடு என்று காட்டும் ஒரு சின்ன மென்பொருளை இறக்கி, திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டேன். சும்மா இருக்கும்போது அறுபத்தெட்டு டிகிரி. பல்லைத் திருப்பிப் பார்த்தால் எண்பத்தொன்பது. மெருகு போட்டால் தொண்ணூற்றேழு. நூறைத் தொட்டால் அணைகிறது. வேலை செய்கிறேனா, நம்பரைப் பார்க்கிறேனா என்றே தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

தம்பியிடம் ஏன் சொல்லவில்லை என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கம்ப்யூட்டரைக் கட்டினவனுக்கே தெரியாவிட்டால் எப்படி என்கிறார். பஸ் ஓட்டுகிறவருக்கு எல்லாம் நேர் ரோடு.

இந்த மெஷினைக் கட்டினதே அவன்தான். முன்பு கிடங்கில் வேலை பார்த்தபோது ஒரு லாரிச் சரக்கை வேறு ஊருக்கு ஏற்றி அனுப்பிவிட்டான். நாலு நாள் யாரிடமும் சொல்லாமல் மறைத்தான். தெரிந்ததும் எல்லார் முன்னாலும் வெளியே போகச் சொன்னார்கள். அதற்கப்புறம் இரண்டு வருடம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். தட்டைக் கதவுக்கு வெளியே வைப்பேன். பாதி சாப்பாட்டோடு அது அங்கேயே இருக்கும். போன நவம்பரில்தான் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தான். ரெடியாகக் கட்டிப் பெட்டியில் போட்டு விற்கும் கம்ப்யூட்டர்கள். முதலில் கட்டினவற்றில் ஒன்றை எனக்காக அவனே தூக்கிக்கொண்டு வந்தான். கீழே வை என்றால் வைக்கவில்லை. "அக்கா, இதுல ஒரு ஸ்க்ரூவைக்கூட வேற யாரும் தொடலை" என்றான்.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது?

சாயங்காலம் போன் பண்ணினான். "எப்படிக்கா ஓடுது?"

"சூப்பரா ஓடுதுடா" என்றேன்.

மார்ச் 9, திங்கள்

டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்க வலைக்கு நேராக வைத்தேன். சூடு குறையும் என்று பார்த்தால் ஏறுகிறது. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றெட்டு, அணைந்தது. காற்று அடித்தால் சூடு ஏறுமா? எனக்குத்தான் மூளை குழம்பிவிட்டதா?

டாக்டரம்மா போன். "ரெண்டு கேப் வரணுமே. பேஷண்டை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்."

"கரண்ட் போயிடுச்சு டாக்டர்."

"உங்க பக்கம் அடிக்கடி போகுதோ?"

அந்தக் கேள்வியில் ஏதோ இருந்தது. இல்லை, நானாக நினைத்துக்கொள்கிறேனா?

மார்ச் 11, புதன்

கடைக்கே போன் போட்டேன், பேர் சொல்லாமல். முதலாளி எடுத்தார். சூடாகி அணைகிறது என்றேன்.

"பில் நம்பர் சொல்லுங்க. யார் அசெம்பிள் பண்ணாங்கன்னு பாத்துடுவோம்."

வைத்துவிட்டேன். திருடியவள் மாதிரி போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த நம்பரிலிருந்து இரண்டு முறை திரும்ப வந்தது, எடுக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

இன்று அவருக்கு லீவு. என் புலம்பல் தாங்காமல் வந்து பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, உள்ளங்கையை முன்வலையில் வைத்தார்.

"சூடா ஊதுதே."

"ஃபேன்னா ஊதத்தானே செய்யும்?"

அவர் பின்பக்கம் கை நீட்டினார். "இங்கயும் வெளியதான் ஊதுது. அப்ப காத்து உள்ள போறது எந்த வழியா?"

ஒரு டிஷ்யூவைக் கிழித்து முன்வலைக்கு அருகே பிடித்தார். வலையில் ஒட்ட வேண்டிய காகிதம் என் பக்கமாகப் பறந்தது. அப்போதுதான் கவனித்தேன் – நாலு மாதமாக நான் துடைக்காத அந்த வலையில் தூசியே இல்லை. ஓரத்து இடுக்குகளில்தான் அப்பிக் கிடந்தது.

பெட்டிக்குள் முன்னால் இருக்கும் இரண்டு ஃபேனும் திருப்பி மாட்டியிருக்கிறது. வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டியவை, உள்ளே இருப்பதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. நான் வேறு எதிரே டேபிள் ஃபேனை வைத்து, அந்தக் காற்றும் போக வழியில்லாமல் பண்ணியிருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்ல.

"எட்டு ஸ்க்ரூ. நானே திருப்பிடறேன். மச்சானுக்குத் தெரியவே வேணாம்" என்றார்.

உத்தரவாத ஸ்டிக்கரைக் கிழித்தோம். அவர் திருப்பினார். மெருகு போட்டுப் பார்த்தேன், எழுபத்தொன்று. மறுபடி போட்டேன், எழுபத்திரண்டு. அழுகை வந்துவிட்டது. தெரியவே வேண்டாம். அதுதான் சரி.

மார்ச் 14, சனி

சரியில்லை. ஒன்றுமே சரியில்லை.

தம்பி மதியம் சாப்பிட வந்தான். கடையில் ஒரு பெட்டி இரண்டாம் தடவையாகத் திரும்பி வந்திருக்கிறதாம். சூடாகி அணைகிறதாம். உள்ளே இருக்கும் போர்டையே மாற்றியும் சரியாகவில்லை. கட்டினது இவன். ஆனால் சரிபார்த்து அனுப்புகிறவர் பக்கத்து மேஜை அண்ணன், பதினொரு வருடமாக அங்கே இருக்கிறவர்.

"அவரைத்தான்க்கா முதலாளி வாங்குவாங்குன்னு வாங்கறார். பாவமா இருக்கு. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரே அவருதான்."

"நீ இதுவரைக்கும் எத்தனை கட்டியிருக்கே?"

"பதினஞ்சு. ஒண்ணு ஸ்கூலுக்குக்கூடப் போச்சு." தோளை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன். அவன் கை கழுவிக்கொண்டு போய்விட்டான். வாயைத் திறக்கவில்லையே நான். இன்னும் பதினாலு இடத்தில் பதினாலு பேர் நம்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களோ?

மார்ச் 15, ஞாயிறு

தம்பியை வரச் சொல்லி, உண்மையைச் சொல்லிவிட்டேன். பெட்டியைத் திறந்து காட்டினேன்.

குனிந்து ஃபேனைப் பார்த்தான். பிறகு நடுவில் இருந்த கம்பெனி லேபிளைத் தொட்டான். "பேர் எழுதின பக்கம்தான் முகம்னு நினைச்சேன்க்கா. முகம் முன்னாடி தெரியணும்னு அப்படி மாட்டினேன். காத்து அந்தப் பக்கமாத்தான் வெளிய வரும்னு இப்பதான் புரியுது."

"யாருக்கும் தோணும்டா."

"எப்பலேர்ந்து அணையுது?"

பொய் சொல்ல வரவில்லை. "வேலை ஜாஸ்தியானதிலேர்ந்து. ஒரு மாசமா."

"ஒரு மாசமா சூப்பரா ஓடுதுன்னு சொன்னே."

நான் கழற்றி வைத்த ஸ்க்ரூக்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"நான் உடைஞ்சு போயிடுவேன்னு நினைச்சியா?"

ஆமாம். அதைத்தான் நினைத்தேன். என் முகத்திலேயே அது தெரிந்திருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கோபம் தப்பு பிடித்ததற்கில்லை, மறைத்ததற்கு. மறைத்ததால்தானே அவனுக்கு அன்றைக்கு வேலை போயிற்று. அதையே நான் அவனுக்குச் செய்திருக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

போன் எடுக்கவில்லை. ஆறு தடவை.

மார்ச் 17, செவ்வாய்

போன் அணைந்திருக்கிறது. அவர் பஸ் கடை வழியாகத்தான் போகும். "ஷட்டர் திறந்திருக்கு, மச்சானைக் காணோம்" என்றார். இப்போது அவன் தனியாகத் தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். பூட்டு. உள்ளே பூட்டிக்கொண்டு கிடக்கவில்லை, வெளிப்பூட்டுதான் என்று ஒரு ஆறுதல். அடுத்த நிமிடம் – அப்படியானால் எங்கே?

ஒரு பல்லையே மூன்று தடவை செதுக்கினேன். கம்ப்யூட்டர் ஜில்லென்று இருக்கிறது. எனக்குத்தான் உள்ளே கொதிக்கிறது.

மார்ச் 18, புதன்

நாலு மணிக்கு வாசலில் நின்றான். தோளில் பை, சட்டையெல்லாம் தூசி.

"பன்னெண்டு முடிஞ்சுது. இது பதிமூணாவது" என்றான்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறான் – தப்பு என்னுது, அண்ணன் மேல இல்ல. முதலாளி முதலில் பில் புத்தகத்தைப் புரட்டினாராம். அப்புறம் விலாசங்களை எழுதிக் கையில் கொடுத்து, "வீடு வீடா போய் நீயே திருப்பிட்டு வா. அதுக்கப்புறம் பேசலாம்" என்றாராம். பஸ்ஸில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறான். திங்கட்கிழமை போன் பைக்குள் கிடந்ததாம், அப்புறம் சார்ஜ் போட மறந்துவிட்டதாம். சார்ஜ் போட மறந்துவிட்டதாம்! நான் இரண்டு நாளாக என்னென்னவோ யோசித்துச் செத்தேன்.

எங்கள் பெட்டியைத் திறந்தான். "திருப்பினது யாரு?"

"உங்க மாமாதான்."

"ரெண்டு ஸ்க்ரூவை மிச்சம் வெச்சிருக்கார். பஸ்ஸையும் இப்படித்தான் மாட்டுவாரா?" என்றபடி, சாய்ந்திருந்த ஒரு ஃபேனைச் சரியாக உட்காரவைத்தான். டிஷ்யூவை முன்வலையில் வைத்தான். ஒட்டிக்கொண்டது.

கிளம்பும்போது, செருப்பைப் பார்த்துக்கொண்டே, "இனிமே எங்கிட்ட நல்லா ஓடுதுன்னு சொல்லாதேக்கா. ஓடுதா இல்லையான்னு சொல்லு."

மார்ச் 20, வெள்ளி

டாக்டரம்மாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். கரண்ட் போகவில்லை, கம்ப்யூட்டர்தான் என்று.

"தெரியும். எங்க ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு வீடு உங்க தெருதான்."

அப்படியே போனோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மார்ச் 31, செவ்வாய்

டாக்டரம்மா வேலை மொத்தத்தையும் கொடுக்கவில்லை. பாதி வேலை, இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாம் என்கிறார். கேப் நன்றாக உட்காருகிறதாம். ஆளைத்தான் இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டுமாம். நியாயம்தான்.

ஏப்ரல் 8, புதன்

மதியம் தம்பி கூப்பிட்டான். "அக்கா, இன்னிக்கு ஒரு போர்டுல பின்னை வளைச்சுட்டேன். புது போர்டு, வீணாப் போச்சு."

"முதலாளிக்குத் தெரியுமா?"

"அப்பவே போய்ச் சொல்லிட்டேன். கத்தினாரு. கடை பூரா கேட்டுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பசிச்சுது. சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

மெல்லும் சத்தம் போனில் கேட்டது. என்ன குழம்பு என்று கேட்டேன்.