பிளக் மாற்றியதால் அல்ல

உங்கள் அப்பாவுக்கு சூப் பிளாஸ்கில் இருக்கிறது, ஆற்றிக் கொடுங்கள். நான் வர ராத்திரி ஆகிவிடும்.

நேற்று கார் டேங்கை நிரப்பிக் கணக்குப் போட்டுவிட்டு, "பாத்தியா, ஸ்பார்க் பிளக் மாத்தினதும் மைலேஜ் ஏறிடுச்சு. இத்தனை நாளா நீதான் வண்டிய விரட்டியிருக்கே" என்று சிரித்தீர்கள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள்.

நான் விரட்டவில்லை. நீங்கள் வேலைக்குப் போனதும் உங்கள் அப்பா தன்னுடைய அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் போய் உட்காருவார். சாவியைத் திருப்பிவிட்டு, கண்ணை மூடி என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். "அவன்கிட்ட சொல்லிடாதேம்மா, பெட்ரோல் கணக்கு பாப்பான்" என்பார். வாசலில் நின்றபடியே பெட்ரோல் எரியும், கிலோமீட்டர் ஓடாது. மைலேஜ் குறைந்தது அதனால்தான்.

இந்த மாதம் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. மைலேஜ் ஏறிவிட்டது.

கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள். கார் சாவி அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

இன்னொன்று. காரில் உட்கார வேண்டும் என்று இன்றைக்கும் கேட்டார். அவ்வளவு தாழ்வான சீட்டில் அவரைத் தூக்கி உட்கார வைக்க எனக்குத் தெம்பில்லை. உங்களால் முடியும். டேங்க் நிறையத்தானே இருக்கிறது.